கண்ணுக்குப் படும் முன்பே காட்டிக்கொடுக்கும் இலை

இத்தாலியின் தெற்குக் கோடியில் இருக்கிறது பூலியா மாநிலம். ஆலிவ் எண்ணெய்க்குப் பேர்போன ஊர்கள் நிறைந்த பகுதி அது. அங்கே நூற்றாண்டுகள் கண்ட ஆலிவ் மரங்கள் நுனியிலிருந்து கருகி வந்தன. 2013-இல் அதற்குக் காரணம் சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா என்று தெரிந்தது. அதுவரை பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களின் நோயாகவே அறியப்பட்டிருந்த கிருமி அது. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறும் சைலம் குழாய்களுக்குள் குடியேறி, பெருகி, குழாயையே அடைத்துவிடும். தண்ணீர் ஏறாததால் முதலில் இலை நுனி கருகும், அப்புறம் சிறு கிளைகள், கடைசியில் மரமே பட்டுப்போகும். தத்துப்பூச்சிக்கு உறவான ஒரு சிறு பூச்சி, மரத்துக்கு மரம் சாறு உறிஞ்சி இதைப் பரப்புகிறது. நோய் வந்த மரத்தை முழுதாகக் குணப்படுத்த இன்றுவரை மருந்து இல்லை.

பரவாமல் தடுக்க வேண்டுமானால் நோயுற்ற மரத்தைப் பிடுங்கி எறிய வேண்டும். ஆனால் கிருமி உள்ளே நுழைந்து பல மாதங்கள் ஆன பிறகும் மரம் வெளியே நன்றாகவே இருக்கும். அந்த மாதங்களில் பூச்சி அதிலிருந்து கிருமியை எடுத்துக்கொண்டு அடுத்த தோப்புக்குப் போய்விடும். இதனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் நோயுற்ற மரத்தைச் சுற்றியிருந்த மரங்களையும் வெட்டச் சொன்னபோது, பூலியாவில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பச்சைப் பசேலென்று நிற்கும் மரத்தை வெட்டச் சொன்னால் எந்த விவசாயிக்குத்தான் மனம் ஒப்பும்? எந்த மரத்துக்குள் நோய் இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்தால் அந்த விவசாயிக்கும் நியாயம் கிடைக்கும், பக்கத்துத் தோப்பும் பிழைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இந்த நோயை விமானத்தில் பறக்கும் ஒரு கேமராவால் கண்டுபிடிக்க முடியும். எப்படி? இலைமேல் விழும் வெயிலுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் இது புரியும். இலையில் உள்ள பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் விழுங்கிக்கொள்கிறது. பச்சையை ஓரளவு திருப்பி அனுப்புகிறது. நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு ஒளியில் பெரும்பகுதியை இலையின் உள் அடுக்குகள் வெளியே தள்ளிவிடுகின்றன. சிவப்பு முடிந்து அகச்சிவப்பு தொடங்கும் இடத்தில், ஏறக்குறைய 700 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி, எதிரொளிப்பு சட்டென்று மேலே ஏறும். பச்சையம் குறையக் குறைய அந்த ஏற்றம் சிவப்பின் பக்கமாக நகரும். இந்தச் சின்ன நகர்வு நம் கண்ணில் படாது, கருவியில் பதிவாகும்.

ஆனால் பச்சையம் குறைவது நோயில் சற்றுத் தாமதமாகத்தான் நடக்கும். அதற்கு முன்பே வேறு சில மாற்றங்கள் வந்துவிடுகின்றன. நமக்கு வியர்வை ஆறும்போது உடம்பு குளிர்வதுபோல, இலையும் தன் துளைகள் வழியே நீராவியை விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. குழாய் அடைபட்டால் தண்ணீர் வராது, துளைகள் மூடிக்கொள்ளும், இலை சூடாகும். வெப்பக் கேமராவில் அந்த மரத்தின் கொப்பு மட்டும் பக்கத்து மரத்தைவிடச் சூடாகத் தெரியும்.

எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது இலையின் ஒளிர்வு. இலை வாங்கிய ஒளி முழுவதும் உணவு தயாரிக்கப் போவதில்லை. அதில் நூற்றில் ஓரிரு பங்கு மங்கலான சிவப்பு ஒளியாக மறுபடி வெளியே வருகிறது. ஒளிச்சேர்க்கை தடுமாறினால் இந்த ஒளிர்வும் மாறும். சரி, கொளுத்தும் வெயிலில் இவ்வளவு மங்கலான ஒளியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? காற்றில் உள்ள ஆக்சிஜன், சூரிய ஒளியில் 760 நானோமீட்டரை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டையைப் பெருமளவு விழுங்கிவிடுகிறது. அதனால் தரைக்கு வரும் வெயிலில் அந்த இடம் மட்டும் இருண்டு கிடக்கும். இலையின் ஒளிர்வோ தரையிலேயே பிறப்பது. அது அந்த இருட்டைக் கொஞ்சம் நிரப்பிவிடும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அளந்தால், இலை எவ்வளவு ஒளிர்கிறது என்று தெரிந்துவிடும். பட்டப்பகலில், சில நூறு மீட்டர் உயரத்திலிருந்து, ஒரு மரத்தின் ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதை இப்படித்தான் அறிய முடிகிறது.

விஞ்ஞானி பாப்லோ சார்க்கோ தேஹாதா தலைமையிலான குழு இந்த எல்லா அளவுகளையும் சேர்த்துப் பூலியாவின் தோப்புகள் மேல் பறந்து பார்த்தது. நூற்றுக்கணக்கான அலைநீளங்களைத் தனித்தனியாகப் பதியும் நிறமாலைக் கேமரா ஒன்று, வெப்பக் கேமரா ஒன்று. கீழே ஆட்கள் ஆயிரக்கணக்கான மரங்களை நேரில் சோதித்தார்கள். மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, நோயுற்ற மரங்களைக் கண்டுபிடிப்பதில் துல்லியம் 80 சதவீதத்தைத் தாண்டியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு முடிவு. கண்ணுக்கு நோயில்லாததாகத் தெரிந்த மரங்களில், கருவி ‘நோய் உண்டு’ என்று குறித்தவை பிற்பாடு, ‘இல்லை’ என்று குறித்தவற்றைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் நோய் அறிகுறிகளைக் காட்டின.

இருந்தாலும் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. தண்ணீர் இல்லாமல் வாடும் மரமும் துளைகளை மூடும், சூடாகும், அதன் ஒளிர்வும் மாறும். பயிர் தவிக்கிறது என்று சொல்வது எளிது; எதனால் தவிக்கிறது என்று சொல்வதுதான் கடினம். தாகத்தில் நிற்கும் மரத்துக்கு நோய் என்று பட்டம் கட்டினால், தண்ணீர் விட்டிருந்தால் பிழைத்திருக்கும் மரத்தை வெட்டிவிடுவோம். அதே குழு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் கொண்ட பரப்பைப் படம்பிடித்து இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ந்தது. 2021-இல் வந்த அந்த ஆய்வு, நோயும் வறட்சியும் நிறமாலையில் வெவ்வேறு தடம் விடுகின்றன என்று காட்டியது. அதுமட்டுமல்ல, கிருமி மாறினால் தடம் மாறும், மரம் மாறினாலும் மாறும். ஆலிவுக்கு ஒரு தடம், பாதாமுக்கு வேறு தடம்.

நம் ஊர்த் தென்னந்தோப்புகளை நினைத்தால் இந்தக் கடைசிச் செய்தி மிக முக்கியம். கேரளத்தில் நெடுங்காலமாக இருந்து, பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கமும் பரவிய வேர் வாடல் நோயும் வெளியே தெரியக் காலம் எடுக்கும்; அதற்கும் முழுமையான மருந்து கிடையாது. ஆனால் அதன் கிருமியான ஃபைட்டோபிளாஸ்மா தண்ணீர்க் குழாயில் வாழ்வதில்லை. உணவு செல்லும் புளோயம் குழாயில் வாழ்கிறது. ஆகவே பூலியாவில் கண்ட தடத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே பொருத்த முடியாது. தென்னைக்கென்று தனியாக அளந்து, ஆய்வகப் பரிசோதனையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

செயற்கைக்கோள் போதாதா என்று கேட்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்படம் வருகிறது. ஆனால் அதன் மிக நுணுக்கமான படத்திலேயே ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஒரு புள்ளிக்குள் இரண்டு தென்னைக்கான இடம், நடுவே வாழையோ கோகோவோ ஊடுபயிர் என்று எல்லாம் கலந்துவிடும். எந்த வட்டாரத்தில் தேட வேண்டும் என்பதற்கு அது உதவும். எந்த மரம் என்பதற்கு விமானமோ டிரோனோதான் வேண்டும். அதில் சந்தேகப்படும் மரங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் இலையை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். வெட்டுவதா வேண்டாமா என்ற முடிவை அந்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும்.