ஒழுக்கப் பீதி: ‘மாரல் பேனிக்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘மாரல் பேனிக்’ என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் தார்மீகப் பீதி, அறநெறிப் பீதி, ஒழுக்கப் பீதி, ஒழுக்க அச்சம் என்று பல பெயர்கள் உலவுகின்றன. ஓர் ஆளோ, கூட்டமோ, பொழுதுபோக்கோ ஊரின் ஒழுக்கத்தையே குலைத்துவிடப் போகிறது என்று, இருக்கிற ஆபத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவில் பரவும் அச்சத்தைச் சமூகவியலார் இப்படி அழைக்கிறார்கள். அதை ஊதிப் பெருக்குவது பெரும்பாலும் செய்தித்தாளும் தொலைக்காட்சியும். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது அநேகமாகப் பதின்ம வயதுப் பிள்ளைகள்.

ஜாக் யங் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 1971ல் போதைப்பொருள் பழக்கம் பற்றி எழுதும்போது இத்தொடரைக் கையாண்டார். அதை நிலைபெறச் செய்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஸ்டான்லி கோஹன். அவருடைய 1972ஆம் ஆண்டு நூல், கிளாக்டன் என்ற இங்கிலாந்துக் கடலோர ஊரில் 1964 ஈஸ்டர் விடுமுறையில் நடந்த சிறு ரகளையிலிருந்து தொடங்குகிறது. குளிர், ஈரம், பொழுது போகவில்லை. ஸ்கூட்டரில் வந்த ‘மாட்ஸ்’ பையன்களும் மோட்டார் சைக்கிளில் வந்த ‘ராக்கர்ஸ்’ பையன்களும் உரசிக்கொண்டார்கள், கண்ணாடிகள் உடைந்தன, 97 பேர் கைதானார்கள். சேதம் சில நூறு பவுண்டு. அடுத்த நாள் பேப்பரைப் பிரித்தவருக்கோ ஊரையே சூறையாடிவிட்டார்கள் என்றுதான் தோன்றியிருக்கும்.

‘பேனிக்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. ஆட்டுக்காலும் கொம்புமாகக் காட்டில் திரியும் ‘பான்’ என்ற தெய்வம், ஆளில்லாத இடத்தில் போகிறவர்களுக்குக் காரணமே இல்லாத திகிலை உண்டாக்கும் என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். ‘மாரல்’ லத்தீனிலிருந்து வந்தது. அதன் வேரான ‘மோஸ்’ என்பதற்கு வழக்கம், நடைமுறை என்று பொருள். இதனால்தான் ‘அறம்’ இங்கே எனக்குச் சரிப்படவில்லை. அறம் உயரத்தில் நிற்கும் சொல். ‘ஒழுகு’ என்பதிலிருந்து பிறந்த ஒழுக்கம், ஊர் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்கிறது. பீதி வரும்போது பெரியவர்கள் பறிபோய்விடும் என்று பதறுவதும் அந்த நடப்பைத்தான்.

பீதி வடசொல் ஆயிற்றே, கிலி என்றோ வெருட்சி என்றோ வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். ஆனால் அச்சமும் கிலியும் ஒருவர் மனசுக்குள் இருப்பவை. பீதி பரவுவது, ‘பொதுமக்கள் பீதி’ என்று தலைப்புப் போட்டுப் பழகிய சொல். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் வினை ஒன்றும் இருக்கிறது: கிளப்புதல். பீதியைக் கிளப்புகிறார்கள் என்று சொன்னாலே, கிளப்பியது யார் என்ற கேள்வி கூடவே எழுந்துவிடும். பெயரைவிட இந்த வினையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கோஹன் இன்னொரு தொடரும் தந்தார்: ‘ஃபோக் டெவில்’. பழி முழுவதையும் சுமத்த ஊர் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உருவம் அது. இதை ‘நாட்டார் பேய்’ என்று மொழிபெயர்த்தால் சுடலைமாடன் கோவிலுக்குப் போய்விடுவோம். பூச்சாண்டி என்பதே பொருந்தும். ஈழத்தமிழில் வயல் பொம்மையைக் குறிக்கும் ‘வெருளி’யும் நல்ல சொல்தான்.

இனி, பீதிக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி பேசப்படும் கதை. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974ல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கியது. இந்த வகைக்குத் தமிழில் பாத்திரமேற்பு ஆட்டம் எனலாம். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கொரு தாள், அதில் தன் வீரனின் பெயர், பலம், மூளை, கையிருப்பில் உள்ள கயிறும் தீவட்டியும். ஒருவர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கதையை நடத்துவார்.

“கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே முனகல் கேட்கிறது. என்ன செய்கிறாய்?”

“உடைக்கிறேன்.”

“உருட்டு.”

இருபது முகப் பகடை உருண்டு 3 விழுகிறது. கதவு அசையவில்லை. உள்ளே முனகல் நின்றுவிடுகிறது. அப்புறம் அரைமணி நேரம் விதிப்புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு சண்டை. சாத்தானை வழிபடும் கூடம் என்று தொலைக்காட்சியில் பயமுறுத்தப்பட்டது ஏறக்குறைய இந்தக் காட்சியைத்தான்.

கிளப்பல் 1979 ஆகஸ்டில் தொடங்கியது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த 16 வயது மாணவன் காணாமல் போனான். வளாகத்துக்கு அடியில் நீராவிக் குழாய்கள் செல்லும் சுரங்கப்பாதைகள் உண்டு. அவன் அந்த விளையாட்டை அங்கே நிஜமாக ஆடப்போய்த் தொலைந்திருக்கலாம் என்று குடும்பம் அமர்த்திய தனியார் துப்பறிவாளர் ஓர் ஊகம் சொன்னார். ஊகம் நாடெங்கும் தலைப்புச் செய்தி ஆனது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துப் பையன் லூசியானாவில் இருப்பது தெரிந்தது. மனச்சோர்வும் தனிமையும் வீட்டின் எதிர்பார்ப்பும் போதைப்பொருளும் சேர்ந்த கதை அது என்று அதே துப்பறிவாளர் 1984ல் புத்தகம் எழுதினார். அதற்குள் ஐந்தாண்டு ஓடிவிட்டது. சுரங்கக் கதையை வைத்து நாவலும் தொலைக்காட்சிப் படமும்கூட வந்துவிட்டன.

1983ல், மகனைத் தற்கொலையில் பறிகொடுத்த வர்ஜீனியா தாய் ஒருவர் இந்த விளையாட்டுக்கு எதிராகவே ‘பேட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அவருடைய துக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தத் துக்கத்தைக் கேமராவுக்கு முன் உட்காரவைத்து, சந்தேகத்தைச் சான்றுபோல ஒளிபரப்பியவர்களைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. 1985ல் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி இதையே பொருளாக எடுத்தது. ஒரு பக்கம் இறந்த பிள்ளைகளின் பெற்றோர், மறுபக்கம் விளையாட்டை விற்பவர். இப்படி உட்காரவைத்துவிட்டால் பார்ப்பவர் யார் பக்கம் சாய்வார் என்பதில் சந்தேகம் உண்டா?

அந்த மேசையில் வராத ஒன்று, சாதாரணக் கணக்கு. 1980களின் நடுவில் அமெரிக்காவில் 15 முதல் 24 வயதுள்ளவர்களில் லட்சத்துக்கு ஏறத்தாழ 12 பேர் ஒவ்வோர் ஆண்டும் தற்கொலையால் இறந்தார்கள். ஆட்டக்காரர்கள் 30 லட்சம் பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விளையாட்டால் ஒரு பாதிப்பும் இல்லாவிட்டாலும் அவர்களில் ஆண்டுக்குச் சுமார் 360 பேரை இழந்திருப்போம். எதிர்ப்பாளர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த பட்டியல் இந்த ஓராண்டு எண்ணிக்கையைக்கூட எட்டவில்லை. எழுத்தாளரும் விளையாட்டு வடிவமைப்பாளருமான மைக்கேல் ஸ்டாக்போல் 1990ல் வெளியிட்ட அறிக்கையில் எதிர்ப்பாளர்களின் கூற்றுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக் காட்டினார். அறிக்கைக்குத் தொலைக்காட்சியில் இடம் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா. இதற்கிடையே விளையாட்டை விற்ற நிறுவனம் 1989ல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பில் பேய், சாத்தான் வகைகளைத் தானே எடுத்துவிட்டது. விற்பனை என்னவோ 1979 பரபரப்புக்குப் பிறகு கிடுகிடுவென ஏறியிருந்தது!

தொல்காப்பியம் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறது: “அணங்கே விலங்கே கள்வர்தம் மிறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.” அணங்கு என்ற தெய்வம், விலங்கு, கள்வர், அரசர் என நான்கு. அமெரிக்கப் பெற்றோருக்குக் காட்டப்பட்டது முதலும் மூன்றும் சேர்ந்த கலவை: பிள்ளையைத் திருட வரும் அணங்கு.

சொல்லைப் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஒழுக்கப் பீதி என்றால் அடியில் ஒன்றுமே இல்லை என்று பொருளல்ல. கிளாக்டனில் கண்ணாடி உடைந்தது மெய். அமெரிக்காவில் பிள்ளைகள் இறந்ததும் மெய். அளவும் காரணமும்தான் திரிந்துபோயின. தனக்குப் பிடிக்காத எந்தக் கவலையையும் ‘வெறும் பீதி’ என்று ஒதுக்க இச்சொல்லைத் தூக்குபவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அதுவும் தவறான பயன்பாடே.

தமிழ்நாட்டில் இச்சொல்லுக்கு இடம் கொடுத்த நிகழ்ச்சி 2017ல் வந்தது. ‘நீலத் திமிங்கலம்’ என்ற இணைய விளையாட்டு பிள்ளைகளைச் சாவுக்கு அனுப்புகிறது என்று இந்தியா முழுக்கச் செய்தி. அந்த ஆண்டு ஆகஸ்டில் இணைப்புகளை நீக்கும்படி கூகுள், ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு மத்திய அரசு எழுதியது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பிறகு அரசு ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. புகாருக்குள்ளான எந்தச் சாவிலும் அந்த விளையாட்டின் பங்கை நிறுவ முடியவில்லை என்று 2018 ஜனவரியில் மக்களவையில் பதில் சொல்லப்பட்டது.