"கோப்புகள் மாற்றப்பட்டுள்ளன": தினமும் வரும் எச்சரிக்கையை என்ன செய்வது?

ஹட்டனிலிருந்து பண்டாரவளை வரை நான் பராமரிக்கும் இணையத்தளங்கள் எதுவும் பெரியதல்ல. எல்லயில் நான்கைந்து அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி, ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கம், ஒரு கோயில் பரிபாலன சபை, தேயிலையைப் பொதிசெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு வியாபாரி. எல்லாம் இணையத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ், எல்லாம் பல தளங்கள் ஒரே சேவையகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் மலிவான பகிர்வு ஹோஸ்டிங். யாரோ சொன்னதைக் கேட்டு, வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை நிரலான செருகுநிரல்களில் பாதுகாப்புக்கென உள்ள ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். அன்றிலிருந்து அஞ்சல் பெட்டி நிரம்பத் தொடங்குகிறது: "உங்கள் தளத்தில் கோப்புகள் மாற்றப்பட்டுள்ளன." முதல் அஞ்சலுக்குப் பதறிப்போய்த் தொலைபேசி எடுக்கிறார்கள். அடுத்த சிலவற்றைத் திறந்து பார்த்து மூடுகிறார்கள். பிறகு அந்த அஞ்சல்கள் நேரே குப்பைக் கோப்புறைக்குப் போகும்படி ஒரு விதியை எழுதிவைத்துவிடுகிறார்கள். பொய்யான எச்சரிக்கை ஒரு தளத்தைக் கெடுப்பதில்லை. அந்த விதி கெடுத்துவிடுகிறது.

இந்தச் செருகுநிரல்கள் வேலை செய்யும் முறை இரண்டு வகை. முதல் வகை, தளத்தில் உள்ள கோப்புகளின் பட்டியலை ஒரு நாள் எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த முறை அதோடு ஒப்பிடும். சில செருகுநிரல்கள் கோப்பின் அளவையும் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் மட்டும் பார்க்கும். சில ஹேஷ் என்னும் கைரேகையை எடுத்து வைக்கும். இரண்டாவது வகை, வேர்ட்பிரஸ் களஞ்சியத்தில் உள்ள மூலக் கோப்போடு நம்முடையதை ஒப்பிடும். வேர்ட்ஃபென்ஸ் என்ற செருகுநிரல் இதைச் செய்கிறது. எந்த வகையாயினும் இந்த ஒப்பீட்டுக்குத் தெரிந்தது வித்தியாசம் மட்டுமே. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் நிறுத்ததற்கும் ஆலையில் நிறுத்ததற்கும் கணக்கு வேறுபட்டால், தராசு வேறுபாட்டைக் காட்டுமே தவிர, அது இலையில் இருந்த ஈரமா, வழியில் போன மூட்டையா என்று சொல்லாது. அதை விசாரிப்பது மனிதனுடைய வேலை.

விசாரணையை நான் எப்போதும் நேரத்திலிருந்து தொடங்குவேன். எல்ல விடுதி உரிமையாளருக்கு ஒரு காலை வந்த அஞ்சலில் முந்நூறுக்கும் மேற்பட்ட கோப்புகள் இருந்தன. மாற்றப்பட்ட நேரம் 20:40 என்று போட்டிருந்தது. "நேற்று இரவு எட்டேமுக்காலுக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் தம்பி, கணினியையே தொடவில்லை" என்றார். அந்த 20:40 நம்முடைய நேரமே அல்ல. பல சேவையகங்கள் யூ.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. அதோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் இலங்கையில் அதிகாலை 2:10. இதைச் சொன்னதும் அவருக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது: அதிகாலை இரண்டு மணிக்கு யார் வேலை செய்வார்கள்?

யாரும் செய்யவில்லை, வேர்ட்பிரஸ்தான் செய்தது. 2013 ஒக்டோபரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து சிறு புதுப்பிப்புகள் தாமாகவே நிறுவப்படுகின்றன. 2020 ஓகஸ்ட்டில் வந்த 5.5 பதிப்பில், செருகுநிரல்களும் தளத்தின் வடிவமைப்பைத் தரும் தோற்றக் கருக்களும் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ள அனுமதிக்கும் பொத்தான் நிர்வாகப் பக்கத்துக்கே வந்துவிட்டது. இந்தத் தளத்தை முதலில் அமைத்துக் கொடுத்தவர் அதை இயக்கிவிட்டுப் போயிருந்தார். தொடர்புப் படிவச் செருகுநிரல் ஒன்று அந்த இரவு புதிய பதிப்புக்கு மாறியிருக்கிறது. முந்நூறு கோப்புகளும் அந்த ஒரே கோப்புறைக்குள் இருந்தன.

அப்படியானால் வேர்ட்பிரஸ் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருக்கிறது. தானியங்கிப் புதுப்பிப்பு முடிந்ததும் அது ஓர் அஞ்சல் அனுப்புகிறது. அது பொது அமைப்புகளில் உள்ள நிர்வாகி முகவரிக்குப் போகும். அந்த முகவரி, தளத்தை அமைத்துவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்ட இளைஞருடையது. பாதுகாப்புச் செருகுநிரலுக்கோ உரிமையாளரின் முகவரி தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆக, "மாற்றினேன்" என்ற அஞ்சல் ஒருவருக்கும் "மாறிவிட்டது" என்ற அஞ்சல் இன்னொருவருக்கும் போய்க்கொண்டிருந்தன. இரண்டையும் ஒரே முகவரிக்குத் திருப்பிவிட்டாலே பாதிப் பதற்றம் குறைந்துவிடும். மலையகத்தில் இது அடிக்கடி பார்க்கும் சிக்கல். தளத்தைச் செய்தவர் ஊரில் இருப்பதில்லை, அவருடைய முகவரி மட்டும் தளத்தில் இருக்கிறது.

தமிழில் இயங்கும் தளங்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஆங்கிலத் தளம் வைத்திருப்பவர்கள் எழுதும் உதவிக் குறிப்புகளில் இது அவ்வளவாக வராது. வேர்ட்பிரஸில் இலங்கைத் தமிழுக்கும் இந்தியத் தமிழுக்கும் தனித்தனி மொழிக் குறியீடுகள் இருக்கின்றன. மொழிப் பொதியோடு நிறுவப்பட்ட தளத்தில், பதிப்பு எண்ணைச் சொல்லும் கோப்பில் அந்த மொழியைக் குறிக்கும் ஒரு வரி கூடுதலாக இருக்கும். அதை ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டால், மையக் கோப்பையே யாரோ திருத்திவிட்டதாகத்தான் தெரியும். மேலும், மொழிபெயர்ப்புகள் தனியே புதுப்பிக்கப்படுகின்றன. செருகுநிரலின் பதிப்பு எண் மாறாமலே மொழிக் கோப்புகள் மாறிவிடும்.

2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்புக்குப் பிறகு இது இன்னும் கூடிவிட்டது. வேகத்துக்காக, மொழிபெயர்ப்புகளைப் பி.எச்.பி. கோப்புகளாகவும், அதாவது சேவையகம் இயக்கக்கூடிய நிரல் கோப்புகளாகவும், சேமிக்கத் தொடங்கினார்கள். அதனால் மொழிகள் கோப்புறையில் திடீரென்று பல புதிய பி.எச்.பி. கோப்புகள் முளைத்தன. இருந்த கோப்பு மாறுவதைவிட, புதிய பி.எச்.பி. கோப்பு தோன்றுவதையே சில செருகுநிரல்கள் பெரிய ஆபத்தாகக் காட்டும். பழைய மாணவர் சங்கத்துச் செயலாளர் ஒருவர் அத்தனையையும் அழித்துவிடப் பார்த்தார். நான் ஒன்றைத் திறந்து காட்டினேன். தொடக்கத்தில் ஒரு "ரிட்டர்ன்", அதன் பிறகு இடப்பக்கம் ஆங்கில வாக்கியம், வலப்பக்கம் தமிழ் வாக்கியம், கடைசிவரை இப்படியே. நாம் வாசிக்கக்கூடிய தமிழ். எதையும் இயக்கும் கட்டளை உள்ளே இல்லை. மொழிகள் கோப்புறையில் உள்ள ஒரு பி.எச்.பி. கோப்பு இப்படி இல்லாமல், பொருளற்ற எழுத்துகளின் நீண்ட சரமாக இருந்தால் அப்போது பயப்படலாம்.

மற்றக் காரணங்கள் பழகியவை. பக்கங்களை வேகமாகக் காட்டத் தற்காலிகமாகச் சேமிக்கப்படும் கேஷ் கோப்புகள் மணிக்கொருமுறை பிறந்து இறக்கும். பிழைப் பதிவுக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். பக்க முகவரிகளின் வடிவத்தைத் தீர்மானிக்கும் நிரந்தர இணைப்பு அமைப்பை ஒருமுறை சேமித்தாலே, சேவையகத்துக்கான விதிகள் உள்ள எச்.டி. அக்செஸ் கோப்பு மீண்டும் எழுதப்படலாம். ஹோஸ்டிங்கை மாற்றினாலோ காப்புப்பிரதியிலிருந்து மீட்டாலோ உள்ளடக்கம் அப்படியே இருக்க, தேதி மட்டும் மாறிவிடும். அளவையும் தேதியையும் மட்டும் பார்க்கும் செருகுநிரல் தளம் முழுவதையும் பட்டியலில் போட்டுவிடும். சில செருகுநிரல்களின் ஆசிரியர்கள் பதிப்பு எண்ணை மாற்றாமலே விளக்கக் கோப்பில் ஒரு வரியைத் திருத்திவிடுவார்கள். களஞ்சியத்தோடு ஒப்பிட்டால் நம்முடையது பிழை போலத் தெரியும்.

விண்டோஸ் கணினியில் திறந்து சேமித்த கோப்பைத் திரும்ப ஏற்றினால், ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடிவிடுவதுண்டு. இதைக் கண்டுபிடிக்கச் சுருக்கமான வழி இருக்கிறது. மூலக் கோப்புக்கும் நம்முடையதற்கும் உள்ள அளவு வித்தியாசத்தைப் பாருங்கள். கோப்பில் 500 வரிகள் இருந்து, வித்தியாசமும் ஏறத்தாழ 500 பைட்டாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆனால் ஊகத்தோடு நிறுத்தாமல், மூலக் கோப்பை மீண்டும் ஏற்றிவிடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் கைத்தொலைபேசி இணைப்பை வைத்துக்கொண்டு கோப்புகளை ஏற்றும்போது சிக்னல் போய்விடும். பாதி ஏறிய கோப்பு அப்படியே நிற்கும். எச்சரிக்கையில் பூச்சியம் பைட் என்றோ வழக்கத்தைவிட மிகச் சிறிய அளவு என்றோ வந்தால், ஊடுருவியவரைத் தேடுவதற்கு முன்னர் அன்று யார் எதை ஏற்றினார்கள் என்று கேளுங்கள்.

பகிர்வு ஹோஸ்டிங்கில் பி.எச்.பி. நிரல் ஒன்று ஓடக்கூடிய நேரம் பெரும்பாலும் 30 விநாடி அளவில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். பெரிய தளத்தில் சோதனை பாதியிலேயே நின்றுவிட்டால், பாதிப் பட்டியல்தான் அடிப்படையாகப் பதிவாகும். அடுத்த முறை முழுதாக ஓடினால் மிச்சப் பாதி "புதிதாகச் சேர்க்கப்பட்டவை" ஆகிவிடும். ஒரு நாள் ஆயிரம் கோப்புகள் சேர்ந்தன, மறுநாள் அதே ஆயிரம் நீக்கப்பட்டன என்று மாறி மாறி அஞ்சல் வந்தால் காரணம் இதுவாக இருக்கக்கூடும். தவிர, வேர்ட்பிரஸின் நேரமிட்ட வேலைகள் யாராவது தளத்தைத் திறந்தால்தான் ஓடும். சுற்றுலாப் பயணிகள் வராத மாதங்களில் எல்ல விடுதியின் தளத்துக்கு ஆளே வராது. அதிகாலைச் சோதனை மாலையில் ஓடும். ஹோஸ்டிங் பலகத்தில் குறித்த நேரத்தில் தானே ஓடும் உண்மையான கிரான் வேலை ஒன்றை அமைத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

இத்தனை பொய்க் காரணங்களைச் சொல்லிவிட்டதால், எல்லாவற்றையும் "புறக்கணி" என்று அழுத்திவிடலாம் என யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நுவரெலியாவில் இன்னொரு விடுதி. உரிமையாளர் அழைத்தார்: "தம்பி, கூகுளில் எங்கள் பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் ஏதோ சப்பாத்துக் கடை வருகிறது. தளத்தைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது."

"எச்சரிக்கை அஞ்சல் ஏதும் வந்ததா ஐயா?"

"அதை எப்போதோ நிறுத்திவிட்டேன். ஒரே தொல்லை."

நிறுத்தவில்லை, குப்பைக் கோப்புறைக்குத் திருப்பியிருந்தார். அது நல்லதாகப் போயிற்று. பழைய அஞ்சல்களைத் தோண்டினோம். நூற்றுக்கணக்கான கேஷ் வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு வரி வேறு மாதிரி இருந்தது: பதிவேற்றக் கோப்புறை, 2019, மார்ச், அதற்குள் படத்தின் பெயரைப் போலவே பெயரிட்ட ஒரு பி.எச்.பி. கோப்பு. அந்தக் கோப்புறையில் அறைப் படங்களும் உணவுப் பட்டியலும்தான் இருக்க வேண்டும். திறந்தால் ஒரு கட்டளை, அதன் பின் பக்கம் பக்கமாகக் குறியேற்றப்பட்ட எழுத்துகள். தேடுபொறியின் இயந்திரம் வந்தால் சப்பாத்துக் கடையையும், மனிதர் வந்தால் விடுதியையும் காட்டும் வேலை அது. அதனால்தான் உரிமையாளர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அஞ்சல் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கிறது.

இரைச்சலைக் குறைக்க எதை விலக்குவது என்பதில் கவனம் வேண்டும். கேஷ் கோப்புறையையும் பிழைப் பதிவையும் காப்புப்பிரதிக் கோப்புறையையும் விலக்கலாம். கேஷ் கோப்புறையிலும் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது என்பதால், அதை அவ்வப்போது முழுவதுமாகக் காலி செய்துவிடுவது நல்லது. பதிவேற்றக் கோப்புறையை ஒருபோதும் முழுதாக விலக்காதீர்கள். படங்களையும் பி.டி.எஃப். கோப்புகளையும் வகைப்படி விலக்குங்கள், பி.எச்.பி. கண்காணிப்பில் இருக்கட்டும். அந்தக் கோப்புறையில் பி.எச்.பி. ஓடவே முடியாதபடி தடுத்துவிட்டால் இன்னும் நல்லது. சில செருகுநிரல்கள் அங்கே "மௌனம் பொன்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் கொண்ட காவல் கோப்பை வைப்பதுண்டு. திறந்து பார்த்து அந்த ஒரு வரியோடு முடிந்தால் விட்டுவிடலாம்.

மையக் கோப்புகளில் சந்தேகம் வந்தால், அதே பதிப்பை அதே மொழியில் வேர்ட்பிரஸ் தளத்திலிருந்து இறக்கி ஒப்பிடுங்கள். கட்டளைச் சாளர வசதி உள்ள ஹோஸ்டிங்கானால், வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூ.பி. சி.எல்.ஐ. கருவியின் "வெரிஃபை செக்சம்ஸ்" கட்டளை இதை ஒரு நிமிடத்தில் செய்யும்; மொழிக் குறியீட்டைச் சேர்த்துக் கொடுக்க மறக்க வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய செருகுநிரல்கள் பொதுக் களஞ்சியத்தில் இருக்காது. விற்றவரிடமிருந்து அதே பதிப்பின் பொதியை எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும். முகப்பில் இருக்கும் இன்டெக்ஸ் கோப்பையாவது எல்லோரும் ஒருமுறை திறந்து பாருங்கள். கருத்துரைகளை நீக்கினால் அதில் உருப்படியாக இருப்பது இரண்டே கட்டளைகள். அதற்கு மேல் விளங்காத ஒரு வரி இருந்தால் அது வேர்ட்பிரஸ் எழுதியதல்ல.

புதிய அடிப்படைப் பட்டியலைப் பதிவு செய்வது இந்தச் சோதனையெல்லாம் முடிந்த பிறகே. அவசரத்தில் முதலில் அதைச் செய்தால் தீய கோப்பும் "இருந்தது" என்ற கணக்கில் சேர்ந்து, பிறகு ஒருநாளும் பட்டியலில் வராது. புதுப்பிப்புச் செய்த அன்றே கையால் ஒரு சோதனை ஓட்டி, எந்தச் செருகுநிரல், எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு என்று குறித்து வையுங்கள். நான் சாதாரணக் கொப்பியில்தான் எழுதுகிறேன்.

கோப்புக் கண்காணிப்புக்குத் தெரியாதவையும் உண்டு. தரவுத்தளத்துக்குள் செருகப்பட்ட தீய நிரல் அதன் பார்வையில் படாது. 2021 பெப்ரவரி 6 ஆம் திகதி, கூகுளின் இலங்கை முகவரி உட்படப் பல டொட் எல்.கே. முகவரிகள், தேயிலைத் தோட்ட மக்களின் பிரச்சினைகளையும் சேர்த்துப் பேசிய ஒரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டன. அது இணைய முகவரிகளைப் பதிந்து வைக்கும் டொமைன் பதிவு மட்டத்தில் நடந்தது. இப்படிப்பட்ட தாக்குதலில் தளத்தின் கோப்பு ஒன்றுகூட மாற வேண்டியதில்லை. செருகுநிரலும் ஒன்றும் சொல்லாது. உண்மையான ஊடுருவல் என்று தெரிந்தால் ஹோஸ்டிங் நிறுவனத்துக்குச் சொல்வதோடு, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை செர்ட்டின் 101 இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

நிர்வாகி உரிமை பெற்றுவிட்டவர் பாதுகாப்புச் செருகுநிரலையே அணைத்துவிட முடியும். ஆகவே எச்சரிக்கைகளைச் சீர்செய்து அஞ்சல் பெட்டி அமைதியானதும், உங்களுடையது பட்டியலோடு ஒப்பிடும் முதல் வகைச் செருகுநிரலானால், மாதம் ஒருமுறை ஒரு வேலை செய்யுங்கள். தளத்தின் முதன்மைக் கோப்புறையில், இன்றைய திகதியைப் பெயராகக் கொண்ட வெற்று உரைக் கோப்பு ஒன்றைப் போட்டு, அடுத்த சோதனை ஓடும்வரை காத்திருங்கள். அஞ்சல் வந்தால் கோப்பை அழித்துவிடுங்கள். வராவிட்டால் முதலில் செருகுநிரல் இயங்குகிறதா என்று பாருங்கள், பிறகு நிர்வாகிகள் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.