ஒரே எபிசோட், இரண்டு கோப்புகள்

குடியுரிமை எப்படிக் கிடைக்கிறது என்று விளக்கும் பாட்காஸ்ட் எபிசோட் ஒன்றைக் கைபேசியில் இறக்கிக் கேட்டேன். பிறந்த மண்ணை வைத்துக் குடியுரிமை தரும் நாடுகள், பெற்றோரை வைத்துத் தரும் நாடுகள், இத்தனை ஆண்டு குடியிருந்தால் விண்ணப்பிக்கலாம் என்ற விதி, எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லியிருந்தார்கள். சில வாரம் கழித்து வெளிநாட்டில் இருந்தபோது, நண்பருக்கு அனுப்புவதற்காக அதே எபிசோடை மடிக்கணினியில் மறுபடி இறக்கினேன். இரண்டாவது கோப்பு அரை மெகாபைட்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பெரிதாக இருந்தது.

இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்தேன். பேச்சில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் 18ஆம் நிமிடத்தில், முதல் கோப்பில் பேச்சு நேராகத் தொடர்ந்த இடத்தில், இரண்டாவதில் அலையோசை கேட்டது. ஒரு பெண் குரல், நான் தங்கியிருந்த ஊரிலிருந்து நேரடி விமானம் போகும் தீவு ஒன்றுக்கு விடுமுறைக்கு வரச் சொன்னது. 30 விநாடி. அப்புறம் பழைய குரல், விட்ட இடத்திலிருந்து குடியிருப்பு விதியை விளக்க ஆரம்பித்தது.

அந்த அலையோசை எப்படி உள்ளே நுழைந்தது என்று தேடிப் போனால், பாட்காஸ்ட் என்ற ஏற்பாடு மொத்தமும் பிடிபட்டுவிடும்.

வானொலியில் கோபுரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். நாம் அந்த நேரத்தில் கேட்டால் உண்டு, இல்லையென்றால் போயிற்று. பாட்காஸ்டில் யாரும் எதையும் ஒலிபரப்புவதில்லை. ஒலிக் கோப்பு ஏதோ ஒரு சர்வரில் பேசாமல் கிடக்கும். அதோடு ஃபீட் என்று சொல்லப்படும் ஓர் எழுத்துக் கோப்பும் இருக்கும். பிரவுசரில் திறந்து பாருங்கள், கோண அடைப்புக்குறிகளுக்குள் எழுதிய நீண்ட பட்டியல் தெரியும். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு பகுதி: தலைப்பு, வெளியான தேதி, மாறாத ஓர் அடையாள எண். அப்புறம் 'என்க்ளோஷர்' என்ற ஒரு வரி. ஒலிக் கோப்பு இருக்கும் முகவரி, அதன் அளவு, அதன் வகை ஆகிய மூன்றும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். பாட்காஸ்டைப் பாட்காஸ்ட் ஆக்குவது அந்த வரிதான்.

நம் கைபேசியில் இருக்கும் செயலியோ, அதற்குப் பின்னால் இருக்கும் சர்வரோ அவ்வப்போது அந்தப் பட்டியலிடம் போய், 'போன தடவைக்கு அப்புறம் ஏதாவது புதிதாக வந்ததா?' என்று கேட்கும். ஒன்றும் இல்லையென்றால் '304' என்ற எண் பதிலாக வரும், மாற்றமில்லை என்று பொருள். புதிதாக இருந்தால், முகவரியை எடுத்துக்கொண்டு போய்க் கோப்பைக் கொண்டுவரும். நாம் 'சப்ஸ்கிரைப்' செய்வது என்பது, இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கும்படி செயலியிடம் சொல்லிவைப்பதுதான்.

இந்த என்க்ளோஷர் வரியை 2000 டிசம்பரில், ஃபீட்களை எழுதும் முறையான ஆர்எஸ்எஸ் (RSS) வடிவத்தில் சேர்த்தவர் மென்பொருளாளர் டேவ் வைனர். வேண்டும் என்று கேட்டவர், முன்பு எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்திய ஆடம் கரி. ஆனால் அதில் முதலில் தொடர்ச்சியாக ஓடியவற்றில் ஒன்று அரசியல் பேச்சு. 2003 கோடையில், ஹார்வர்டு சட்டப் பள்ளியின் பெர்க்மன் மையத்தில் இருந்தபடி, அரசியல் செய்தியாளராகவும் வானொலித் தொகுப்பாளராகவும் இருந்த கிறிஸ்டோபர் லைடன் வலைப்பதிவு பற்றியும் அரசியல் பற்றியும் நேர்காணல்கள் எடுத்தார். வைனர் அவற்றை ஃபீடில் ஏற்றினார். அப்போது அதற்குப் 'பாட்காஸ்ட்' என்ற பெயரே கிடையாது. அந்தச் சொல் 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில்தான் வந்தது. 2005 ஜூனில் ஆப்பிள், பாட்டுக் கேட்கும் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்டைச் சேர்த்ததும் இரண்டே நாளில் 10 லட்சம் சந்தாக்கள் சேர்ந்தன.

ஆப்பிள் அன்று வைத்ததும் வெறும் முகவரிப் புத்தகம்தான். ஒலிக் கோப்புகள் அவரவர் சர்வரில் இருக்கும், ஃபீட்களின் முகவரிகள் மட்டும் ஆப்பிளிடம். அதனால் ஒருவரிடம் அனுமதி கேட்டுத்தான் பேச வேண்டும் என்ற நிலை இல்லை. குடிமை, அரசியல், குடியுரிமை போன்ற விஷயங்களுக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்று சொல்லி முடியாது. வானொலி நிலையத்தில் ஒரு விளக்கத்துக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. ஒரு தேர்தல் தொகுதியின் எல்லையை எப்படி வரைகிறார்கள் என்பதை மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாது. 50 நிமிடம் ஆகும் என்றால் பாட்காஸ்டில் 50 நிமிடம் எடுத்துக்கொள்ளலாம்.

அதே கதவு வழியாக வேறு ஆட்களும் வருவார்கள். வானொலி அலைவரிசை எல்லோருக்கும் பொதுவான, அளவான சொத்து. அதனால்தான் அரசுகள் அதற்கு உரிமம் வைத்தன, விதி வைத்தன. அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 315ஆவது பிரிவு, ஒரு வேட்பாளருக்கு நிலையம் நேரம் கொடுத்தால் போட்டியாளருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. பிரிட்டனில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. பாட்காஸ்ட் அலைவரிசையைத் தொடுவதில்லை, ஆகவே இந்த இரண்டு விதிகளும் அதைத் தொடுவதில்லை. அரசியல் சட்டம் சொல்லித்தரும் ஆசிரியருக்கும் கட்சிப் பிரசாரகருக்கும் ஒரே நீளம், ஒரே பாதை, ஒரே அளவு சுதந்திரம்.

சரி, அலையோசைக்கு வருவோம்.

சிடி தரத்தில் ஒரு மணி நேர ஒலி ஏறக்குறைய 635 மெகாபைட் பிடிக்கும். எம்பி3 முறை, காதின் ஒரு பலவீனத்தைப் பயன்படுத்தி அதைச் சுருக்குகிறது. ஓங்கிய ஒலி ஒன்று கேட்கும்போது, அதற்குப் பக்கத்துச் சுருதியில் இருக்கும் மெல்லிய ஒலி நமக்குக் கேட்காது. கேட்காததை எதற்குச் சேமிக்க வேண்டும்? அதைத் தூக்கிப் போட்டுவிட்டால், ஒரு மணி நேரப் பேச்சு 30 மெகாபைட்டுக்குள்கூட அடங்கும். ஆனால் நம் கதைக்கு முக்கியமானது இன்னொன்று. எம்பி3 கோப்பு ஒரே நீண்ட ஓட்டமாக இருப்பதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளின் வரிசை அது. வழக்கமான பதிவில் ஒரு துண்டு 1,152 ஒலி மாதிரிகளைக் கொண்டது, அதாவது ஒரு விநாடியில் 40இல் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகம். ரயிலில் பெட்டியைக் கோப்பதுபோல, இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வேறு துண்டுகளைச் செருகலாம். மொத்த ஒலியையும் புதிதாகச் சுருக்கத் தேவையில்லை. 30 விநாடி விளம்பரம் என்பது இப்படி ஏறக்குறைய 1,150 துண்டுகள். நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் அதன் எடை 480 கிலோபைட். என் இரண்டாவது கோப்பு பெரிதாக இருந்த அளவும் அதுதான்.

எபிசோடைத் தயாரிப்பவர் '18ஆம் நிமிடத்தில் இடம் இருக்கிறது' என்று ஒரு குறி மட்டும் வைத்துவிட்டுப் போகிறார். அந்த இடம் காலியாகவே கிடக்கும். யாரோ ஒருவருடைய செயலி கோப்பைக் கேட்டு வரும் அந்த நொடியில், சர்வர் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: கேட்பவரின் ஐபி முகவரி (அவருடைய இணைய இணைப்புக்கான எண்), அவர் பயன்படுத்தும் செயலி, நேரம். ஐபி முகவரியிலிருந்து நாடும், பெரும்பாலும் ஊரும் தெரியும். அந்த ஊருக்கு இன்றைக்கு எந்த விளம்பரம் காசு கட்டியிருக்கிறது என்று பார்த்து, துண்டுகளைக் கோத்து அனுப்புகிறது. நாம் இறக்கும் கோப்பு, நம் செயலி அதைக் கேட்டு வரும்போதுதான் பிறக்கிறது.

பயணத்தை விற்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடைப்பது கடினம். நேரடி விமானம் இருக்கும் ஊர்களில் மட்டும் விளம்பரம் போடலாம். குளிர் ஏறும் நாட்டுக்கு வெயில் காயும் கடற்கரையைக் காட்டலாம். ஐந்து வருடத்துக்கு முன் பேசி முடித்த எபிசோடுக்குள் இந்த வார விலைச் சலுகையைச் செருகலாம். படமே இல்லாதது அவர்களுக்குக் குறையாகவும் தெரிவதில்லை. படத்தில் காட்டினால் அது யாரோ ஒருவர் நின்ற கடற்கரை. அலையோசையை மட்டும் கேட்டால், கண்ணை மூடி நம் கடற்கரையை நாமே வரைந்துகொள்கிறோம். சில சுற்றுலா வாரியங்கள் இன்னும் ஒரு படி போய், விளம்பரத்தைச் செருகாமல் முழுப் பாட்காஸ்ட் தொடரையே தாங்களே தயாரிக்கின்றன.

விளம்பரம் பலித்ததா என்று பார்க்கும் முறை கொஞ்சம் முரட்டுத்தனமானது. விளம்பரத்தைப் பெற்ற ஐபி முகவரியிலிருந்து சில நாளில் யாராவது அந்தப் பயண நிறுவனத்தின் இணையதளத்துக்கு வந்தால், இரண்டையும் பொருத்திக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே முகவரி இருக்கும். கைபேசி நெட்வொர்க்கில் ஏராளமானவர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். கேட்டவர் ஒருவர், டிக்கெட் தேடியவர் வேறொருவராக இருக்கலாம். எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கும் அப்படித்தான். குறைந்தது ஒரு நிமிட அளவு ஒலி இறங்கியிருந்தால் ஒரு டவுன்லோட், ஒரே முகவரியும் ஒரே செயலியும் 24 மணி நேரத்துக்குள் மறுபடி வந்தால் அதைச் சேர்க்கக்கூடாது என்பது விளம்பரத் துறை வைத்திருக்கும் பொது விதி. இறக்கியதை ஒருவர் கேட்டாரா என்பது அதில் வராது. 2023இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17 வந்தபோது ஆப்பிள் தானாக இறக்கும் முறையை மாற்றியது. கேட்பவர்கள் அப்படியே இருக்க, பல நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை மட்டும் கீழே இறங்கியது.

கோப்புக்குள் நுழைவது இவ்வளவு எளிதென்றால், மனத்துக்குள் நுழைவது எப்படி? இங்கேதான் எனக்கு அக்கறை அதிகம்.

ஓர் ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை வைத்துக் கணிக்கிறது. வலப்பக்கம் பேசினால் வலது காதுக்கு ஒலி முன்னால் வந்து சேரும், அந்த இடைவெளி ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் தூரத்தைச் சொல்லிக்கொடுக்கும். ஹெட்ஃபோனில் ஒற்றைக் குரல் இரண்டு காதிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், எதிரொலி இல்லாமல் விழுகிறது. மூளைக்கு வெளியே ஓர் இடம் கிடைக்கவில்லை, குரலைத் தலைக்கு நடுவிலேயே வைத்துவிடுகிறது. போதாததற்குப் பேசுபவர் மைக்கை ஒட்டிப் பேசுகிறார். பாட்காஸ்டில் பரவலாகப் பயன்படும் மைக்குகளில், வாய் நெருங்க நெருங்கக் குரலின் அடிப்பகுதி கனக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பேசும் ஆளின் குரலை அப்படித்தான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஒலிபெருக்கியில் கேட்பதைவிட ஹெட்ஃபோனில் கேட்கும்போது பேசுபவரிடம் நெருக்கம் கூடுகிறது, அவர் சொல்வதை ஏற்கும் மனமும் கூடுகிறது என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஒருதலையான இந்த நெருக்கத்துக்கு, நேரில் பார்க்காத ஒருவரை நண்பர்போல உணர்வதற்கு, ஆய்வாளர்கள் டொனால்டு ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956லேயே பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். அவர்களுக்கு முன்பே இதைப் பயன்படுத்திக் காட்டியவர் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1933 மார்ச் 12, ஞாயிறு இரவு. அமெரிக்காவில் வங்கிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. அவர் வானொலியில் சுமார் கால் மணி நேரம் பேசினார். வீராவேசம் இல்லை. நீங்கள் போட்ட பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் முதலீடாகவும் வெளியே சுழலவிடுகிறது என்று, வங்கி நடக்கும் விதத்தை வரவேற்பறையில் உட்கார்ந்து சொல்வதுபோல் சொன்னார். மறுநாள் வங்கிகள் திறக்க ஆரம்பித்தபோது மக்கள் பணத்தை எடுக்க ஓடவில்லை, வீட்டில் பதுக்கியதைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். என்னைக் கேட்டால், இன்றைய குடிமை பாட்காஸ்டுகள் எல்லாவற்றுக்கும் மூத்த அண்ணன் அந்தக் கால் மணி நேரம்தான்.

18ஆம் நிமிடத்தில் வரும் தீவுக்கு இந்த நம்பிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. 17 நிமிடம் பொறுமையாகச் சட்டம் விளக்கிய குரலின் கதகதப்பு அடங்குவதற்குள் அலையோசை வந்துவிடுகிறது. தொகுப்பாளரே தன் குரலில் படிக்கும் விளம்பரத்தில் தையலே தெரியாது. கைவேலையாக இருக்கும்போதோ நடக்கும்போதோ கேட்பதால், நிறுத்தி யோசிப்பதும் குறைவு. பயணமாவது பரவாயில்லை, பிடிக்காவிட்டால் ஒரு விடுமுறை வீண். அதே இருக்கையில் ஓர் அரசியல்வாதி விருந்தினராக வந்து இரண்டு மணி நேரம் குழந்தைப் பருவக் கதை பேசிவிட்டுப் போகும்போது, அவருடைய கொள்கையைப் பற்றி ஒன்றுமே கேட்கப்படவில்லை என்பது நமக்கு உறைப்பதில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் உண்மைபோலத் தோன்ற ஆரம்பிக்கும் என்பது 1977லிருந்து பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். வாராவாரம் வரும் குரலுக்கு அந்த வசதியும் சேர்ந்துகொள்கிறது.

இத்தனைக்கும் அந்தத் தையலை நான் வெறுக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அதே குடியுரிமை எபிசோடை மூன்றாவது முறையாக இறக்க வேண்டி வந்தது. இந்த முறை தொடக்கத்திலேயே அந்தத் தொகுப்பாளரின் குரல், ஆனால் புதிதாகப் பதிவு செய்தது. "இதில் நான் சொன்ன குடியிருப்புக் கால விதி இப்போது மாறிவிட்டது. விண்ணப்பிக்கும் முன் புதிய விதியைப் பாருங்கள்." 20 விநாடி இருக்கும். விளம்பரம் நுழைந்த அதே வழியாகத் திருத்தமும் நுழைந்திருந்தது, இனி அந்த எபிசோடை இறக்கும் ஒவ்வொருவருக்கும் அது போய்ச் சேரும். ஆனால் ஏற்கெனவே இறங்கிவிட்ட கோப்புகளை எந்தச் சர்வராலும் தொட முடியாது. நண்பருக்கு நான் அனுப்பிய கோப்பில் பழைய விதியும் அலையோசையும் அப்படியே இருக்கின்றன. அன்று மாலையே அவருக்குப் புதிய கோப்பை அனுப்பினேன்.