கழுத்தில் இருப்பது அழுக்கு இல்லை

இந்த வாரமும் ஒரு பையன் கழுத்து சிவந்து, தோல் உரிந்து வந்தான். பத்து வயது. கறுத்த கழுத்தைக் கடலைமாவு, எலுமிச்சம்பழம், கடைசியில் பீர்க்கங்காய் நார் வரை போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். "சரியா குளிக்கவே மாட்டேங்கிறான் டாக்டர்" என்று அம்மா புகார் சொல்ல, அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அது அழுக்கு இல்லை. பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்தால், பெரும்பாலும் எடை கூடி, உடம்பில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று அர்த்தம். தேய்த்தால் புண்தான் மிஞ்சும். எடை கட்டுக்குள் வந்தால் மெல்ல மங்கும்.

எடை என்றதும் ஒரு பதில் தயாராக இருக்கும்: "வளர்ற பிள்ளை, உயரம் வந்தா சரியாயிடும்." உயரம் வரும்தான். ஆனால் எடை அதைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தால் எப்படிச் சரியாகும்? உயரம் கூடக் கூட எடை அதே இடத்தில் நின்றால் பல பிள்ளைகளுக்கு அதுவே போதும். அது தானாக நிற்காது, வீடுதான் நிறுத்த வேண்டும். விட்டுவிட்டால், பத்து வயதில் பருமனாக இருப்பவர்களில் பலர் பெரியவர்களானாலும் அப்படியேதான் இருக்கிறார்கள். அடுத்த கேள்வி, "தைராய்டா இருக்குமோ?" வயதுக்கேற்ற உயரம் நன்றாக ஏறுகிற பிள்ளைக்கு அது காரணமாக இருப்பது அபூர்வம்.

இந்த எடைப் பிரச்சினை பல வீடுகளில் தொடங்குவது ஒன்றரை வயதிலேயே. பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளில் சுமார் 9 கிலோ. அப்புறம் வருடத்துக்கு இரண்டு கிலோ ஏறினாலே போதும், அதனால் பசியும் குறையும். நாமோ "சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்று பதறி, ஃபோனைக் கையில் கொடுத்து ஊட்டுகிறோம். கார்ட்டூன் பார்க்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்ததே தெரியாது. வாயை மூடி முகத்தைத் திருப்பினால், 'போதும்' என்று குழந்தை சொல்கிறது. "இன்னும் ஒரே ஒரு வாய்" வேண்டாம்.

"நல்லா திட்டுங்க டாக்டர், நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்பார் அப்பா. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா பார்சல் வாங்கி வருவது யார்? பத்து வயதுப் பையன் மளிகை லிஸ்ட் போடுவதில்லை.

பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல், பட்டினி எதுவும் வேண்டாம். வீட்டுக்கே ஒரே சாப்பாடு. ஜூஸ் பாக்கெட்டை நிறுத்துங்கள், பாலில் கலக்கும் சத்து பவுடரையும்தான், அதில் சர்க்கரையே நிறைய. ஸ்நாக்ஸ் டப்பாவில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டலோ கொய்யாவோ வையுங்கள். தினமும் ஒரு மணி நேரம் வியர்க்க விளையாடட்டும் (பி.டி. பீரியடைக் கடன் வாங்கும் கணக்கு ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லுங்களேன்). ஒன்பது மணி நேரமாவது தூங்கட்டும். 'குண்டா' என்று மட்டும் கூப்பிடாதீர்கள், செல்லமாகக்கூட. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆறு வயது தாண்டிய பிள்ளை என்றால் இன்றே ஒரு இஞ்ச் டேப் எடுங்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டினால், அல்லது கழுத்து கறுத்திருந்தால், பரீட்சை முடியட்டும் என்று தள்ளாமல் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சர்க்கரையும் ஈரல் கொழுப்பும் பார்க்க வேண்டியிருக்கும். அப்பாவும் கூட வரட்டும்.