எபிஜெனெடிக்ஸ்: மேல்மரபியலா, புறமரபியலா?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்தால் பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு மளமளவென்று இறங்கும். புற்றுசெல்கள் செத்ததால்தான் இறங்கியது என்று வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். அது பாதிதான் உண்மை. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் செய்யும் ஒரு புரதம். அதைச் செய்யச் சொல்லும் மரபணுவுக்குப் பெயர் கே.எல்.கே.3. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டெரோனைப் பிடித்துக்கொண்ட ஆண்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய் அந்த மரபணுவின் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அது மும்முரமாக வாசிக்கப்படும். ஊசி டெஸ்டோஸ்டெரோனை வற்றவைத்துவிடுவதால் வாசிப்பு அடங்கிவிடுகிறது, செல் உயிரோடு இருந்தாலும்கூட. இப்படி மரபணு வாசிக்கப்பட்டுப் புரதமாக வருவதுதான் மரபணு வெளிப்பாடு. இந்தச் சொல்லில் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை எபிஜெனெடிக்ஸைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில்தான். உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன் 1942-ல் உருவாக்கிய சொல் இது. கரு படிப்படியாக உருப்பெறுகிறது என்ற அரிஸ்டாட்டில் காலத்துக் கருத்தின் பெயரான எபிஜெனிசிஸிலிருந்து எடுத்தார். டி.என்.ஏ.வின் வடிவமே தெரியவந்தது 1953-ல்தான், அதனால் இன்று நாம் சொல்கிற பொருள் அவர் மனதில் இருந்திருக்க வாய்ப்பில்லை. இன்றைய பொருள் இது: டி.என்.ஏ. எழுத்துகள் மாறாமல், அவற்றின் மீதோ, அவை சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மீதோ ஏறும் வேதிக் குறிகளால் மரபணுவின் வாசிப்பு கூடுவதும் குறைவதும், செல் பிரியும்போது அந்தக் குறிகள் அடுத்த செல்லுக்குப் போவதும்.

'எபி' என்றால் கிரேக்கத்தில் மேல். எபிடெர்மிஸை மேல்தோல் என்றும் சொல்கிறோம், புறத்தோல் என்றும் சொல்கிறோம், அதே மாதிரி இங்கேயும் மேல்மரபியல், புறமரபியல் இரண்டும் புழங்குகின்றன. என் ஓட்டு மேல்மரபியலுக்கு. 'புற' என்றதும் சாப்பாடு, மாசு, மன அழுத்தம் என்று வெளியிலிருந்து வருவதாகத் தோன்றிவிடுகிறது, ஆனால் இந்தக் குறிகள் டி.என்.ஏ.வின் மேலேயோ அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன்களின் மேலேயோதான் உட்கார்ந்திருக்கின்றன. 'க' மேல் ஒரு புள்ளி வைத்தால் 'க்' ஆகிவிடுகிறதே, எழுத்து அதேதான், உள்ளே இருந்த உயிரொலி மட்டும் அடங்கிவிடுகிறது, கிட்டத்தட்ட அதேதான் டி.என்.ஏ. எழுத்தின் மேல் ஒட்டும் மெத்தில் என்ற வேதிக் குறியும் செய்கிறது.

சரி, புற்றுநோய்க்கு வருவோம். புராஸ்டேட் புற்றுநோய்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ஜி.எஸ்.டி.பி.1 என்ற மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குறி அடர்ந்து கிடக்கும். செல்லுக்குள் வரும் நச்சுப் பொருட்களை முறிக்கும் நொதிக்கான மரபணு அது. எழுத்துப் பிழை எதுவும் இல்லாமலேயே வாயடைத்துக் கிடக்கிறது.

ஹார்மோன் சிகிச்சை இதற்குள் எங்கே நுழைகிறது? 1941-ல் அறுவை மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தப் புற்று அடங்கும் என்று காட்டினார், 1966-ல் நோபலும் வாங்கினார். அடங்குவது பெரும்பாலும் நிரந்தரமில்லை என்பதும் பிறகு தெரிந்தது. காரணங்களில் ஒன்று வேடிக்கையானது. ஆண்ட்ரோஜன் ஏற்பி சில மரபணுக்களைத் திறக்கிற மாதிரியே சிலவற்றை மூடவும் செய்யும், அதில் அதன் சொந்த மரபணுவும் உண்டு. எல்.எஸ்.டி.1 என்ற நொதியைக் கூட்டிவந்து, வாசிப்பைத் தூண்டும் ஹிஸ்டோன் குறியை அழித்துவிடும். டெஸ்டோஸ்டெரோன் வற்றியதும் இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது, ஏற்பியின் உற்பத்தி கூடுகிறது, மிச்சமிருக்கும் துளி ஹார்மோனையும் செல் பிடித்துக்கொள்கிறது. மருந்து தொடங்கிவைத்த மேல்மரபியல் மாற்றம் என்றே இதைச் சொல்லலாம்.

நெடுநாள் சிகிச்சைக்குப் பிறகு சில கட்டிகள் இன்னும் ஒரு படி போய், ஏற்பியையே கைவிட்டு நரம்புச் செல் சாயலுக்கு மாறிவிடுகின்றன. புற்றைத் தடுக்கும் ஆர்.பி.1, டி.பி.53 மரபணுக்களின் இழப்போடு, ஈ.இசட்.எச்.2 என்ற நொதி வைக்கும் ஹிஸ்டோன் குறிகளுக்கும் இதில் பங்கு உண்டு. எழுத்து மாற்றத்தைத் திருத்துவது கடினம், குறியை அழிக்க முடியும், அதனால்தான் இந்த நொதியைத் தடுக்கும் மருந்துகளை ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துச் சோதித்து வருகிறார்கள்.

அப்புறம் ஒன்று, எழுதும்போது 'மேல்மரபியல் மாற்றம்' என்றே எழுதுங்கள். சுருக்கமாக இருக்கட்டும் என்று 'மரபணு மாற்றம்' என்று போட்டால் படிப்பவருக்கு டி.என்.ஏ. எழுத்தே மாறுகிற மியூட்டேஷன்தான் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் பி.டி. கத்திரிக்காய்.