ஜெர்சிக்கு ஆவி, சில்லுக்கு ரப்பர்

பொங்கல் நெருங்கினால் வேலூர் ஜெர்சி கடைகளில் ஹீட் பிரஸ்ஸுக்கு ஓய்வே இருக்காது. கபடிக் குழுவின் பெயரும் எண்ணும் முதலில் ஒரு தாளில் இடவலம் மாறி அச்சாகும். அந்தத் தாளை வெள்ளைப் பாலியெஸ்டர் துணிமேல் கவிழ்த்து, சுமார் 200 டிகிரி செல்சியஸில் அரை நிமிடம், ஒரு நிமிடம் அழுத்துவார்கள். தாளை உரித்தால் படம் துணிக்குப் போயிருக்கும்.

மை உருகி ஒட்டிக்கொள்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது அதுவல்ல. அந்தச் சாயம் திடநிலையிலிருந்து உருகாமல் நேராக ஆவியாகிறது. அதே சூட்டில் பாலியெஸ்டர் இழையின் நெடுமூலக்கூறுகள் தளர்ந்து இடம் விடுகின்றன. சாய ஆவி உள்ளே ஊடுருவுகிறது. துணி ஆறியதும் மூலக்கூறுகள் இறுகி, சாயம் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதனால்தான் அந்த எழுத்து கைக்குத் தட்டுப்படுவதில்லை, வெடித்து உதிர்வதும் இல்லை. குடியாத்தம் பருத்தி லுங்கிக்கு இந்த முறை சரிவராது. பருத்தி இழை நீரை விரும்புவது, இந்தச் சாயமோ நீரோடு சேராதது. ஏறுகிற கொஞ்ச நிறமும் துவைக்கத் துவைக்கப் போய்விடும்.

சரி, ஓரிடத்தில் செய்ததை இன்னோரிடத்துக்கு மாற்றும் இதே உத்திதான் இன்று ஒளிச் சில்லுகளுக்கும், அதாவது மின்சாரத்துக்குப் பதில் ஒளியால் தகவலைக் கடத்தும் சிலிக்கான் சில்லுகளுக்கும், கைகொடுக்கிறது. சிலிக்கான் ஒளியைக் கடத்தும், ஆனால் ஒளியை உமிழ்வதில் மிக மோசம். ஒளி தரும் லேசருக்கு இண்டியம் பாஸ்பைடு போன்ற படிகம் வேண்டும். அதைச் சிலிக்கான்மேல் நேரடியாக வளர்த்தால் இரண்டின் அணு இடைவெளியும் பொருந்தாமல் படிகத்தில் குறைகள் விழும். ஆகவே லேசரை அதன் சொந்தப் படிகத் தகட்டிலேயே செய்து, அடியிலுள்ள ஒரு படலத்தை மட்டும் அமிலத்தில் கரைக்கிறார்கள். சில மைக்ரான் தடிமனுள்ள லேசர், மெல்லிய கால்களைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும்.

அதை எடுக்கச் சிலிகோன் ரப்பர் முத்திரை ஒன்று போதும், பசை வேண்டாம். எடுக்கவும் அதே ரப்பர், விடவும் அதே ரப்பர் என்றால் எப்படி? எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகாகத் தோன்றுவது இதற்கான விடைதான். அட்டையில் ஒட்டிய செல்லோடேப்பை வெடுக்கென்று இழுத்தால் காகிதமும் பிய்ந்து வரும். மெதுவாக உரித்தால் டேப் மட்டும் வரும். ரப்பரும் அப்படித்தான். வேகமாக இழுக்கும்போது அதன் மூலக்கூறுகளுக்குத் தளர நேரமில்லை, பிடி கூடுகிறது. நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் தூக்கினால் கால்கள் முறிந்து லேசர் கூடவே வரும். சிலிக்கான்மேல் அழுத்திவிட்டு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் விலகினால் லேசர் அங்கேயே தங்கும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழுவினர் 2006-இல் இதை விளக்கினார்கள். ஒரே அழுத்தில் நூற்றுக்கணக்கான லேசர்களையும் இப்படி மாற்றலாம்.

ஜெர்சித் துணி கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் பாதகமில்லை, ஆவி புகுந்துவிடும். லேசருக்கு அந்தச் சலுகை கிடையாது. மூலக்கூறுகளுக்கிடையிலான ஈர்ப்பு மட்டுமே அதைப் பிடித்து வைக்கிறது, அந்த ஈர்ப்போ மிகச் சிறு தொலைவுக்குத்தான் எட்டும். நடுவே ஒரு தூசி இருந்தால் லேசர் சிலிக்கானில் ஒட்டாமல் ரப்பரோடு திரும்பி வந்துவிடும்.