பட்டன் போனுக்கு எதற்கு டேட்டா பேக்?

பேசுவதற்கு மட்டும் போன் வைத்திருப்பவர்கள் மாதா மாதம் டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏதாவது ஒரு ரீசார்ஜ் கடையில் கொஞ்ச நேரம் நின்றாலே இது கண்ணில் படும். வயதான அம்மா ஒருவர் பட்டன் போனை நீட்டுவார். "எப்பவும் போடுறதுதானே பாட்டி?" என்பார் கடைக்காரர். பாட்டி தலையாட்டுவார். 28 நாள் வேலிடிட்டி, தினம் ஒன்றரை ஜிபி. அந்த ஒன்றரை ஜிபியில் ஒரு துளியைக்கூட அவர் தொடப் போவதில்லை.

இதற்கு ஒரு விதி இருக்கிறது. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள, டேட்டா இல்லாத பேக் ஒன்றையாவது ஒவ்வொரு கம்பெனியும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. இப்படிப்பட்ட சிறப்பு பேக்குகளின் வேலிடிட்டி உச்சவரம்பையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. அடுத்த மாதமே கம்பெனிகள் இந்த பேக்குகளைக் கொண்டுவந்தன. ஜியோவில் 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1748 ரூபாய். ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, ஒரு வருடத்துக்கு 1849. இவை அப்போதைய விலை. போடும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே சமயத்தில் ஜியோவில் தினம் ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் பேக் 299 ரூபாய். 84 நாளுக்கு மூன்று தடவை போட்டால் 897. டேட்டா வேண்டாம் என்று வாய் திறந்து கேட்டவருக்கு அது 448, அதாவது பாதி விலை.

ஆனால் வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும். கம்பெனி ஆப்பில் முதலில் வருவதெல்லாம் டேட்டா பேக்தான். இதைக் கீழே தள்ளித் தள்ளித் தேட வேண்டும். கடையில் "அப்படியெல்லாம் இல்லைங்க" என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். "டேட்டா இல்லாம, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும்" என்று தொகையோடு சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அந்தத் தொகையை ஒரு சீட்டில் எழுதி போனின் பின்னால் ஒட்டிக் கொடுங்கள். ஓடிபி வராதோ, பேங்க் மெசேஜ் வராதோ என்று சிலர் பயப்படுகிறார்கள். எஸ்எம்எஸ் வருவதற்கு டேட்டா தேவையில்லை, எல்லாம் வரும்.

இந்த விதியில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பேக் இருக்க வேண்டும் என்று சொன்னவர்கள், அது 28 நாளுக்கும் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தினக்கூலிக்குப் போகிறவரால் ஒரே மூச்சில் நானூற்றைம்பது ரூபாயை எடுத்து வைக்க முடியாது. யாருக்காக விதி போட்டார்களோ அவர்களில் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். டேட்டாவோடு வரும் 28 நாள் பேக்குக்கே திரும்பினால், வருடத்துக்கு 12 தடவை போதாது, 13 தடவை போட வேண்டும். 30 நாள் பேக் ஒன்றும், மாதா மாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்றும் கட்டாயம் என்று 2022-இலேயே உத்தரவு வந்துவிட்டது. அதையும் நாமேதான் கேட்டு வாங்க வேண்டும்.

நெட் பயன்படுத்துபவர்கள் மாட்டுவது வேறு இடத்தில். டேட்டா தீர்ந்துவிட்டது என்று இருபது, முப்பது ரூபாய்க்கு டேட்டா பேக் போடுகிறார்கள். மெயின் பேக் முடிந்திருந்தால் அதைப் போட்டு அழைப்பு போகாது. பல சமயம் அந்த டேட்டாவே ஓடாது. டேட்டா பேக் சிம்மின் வேலிடிட்டியை ஒரு நாள்கூட நீட்டாது. முதலில் மெயின் பேக் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், தினசரி டேட்டாவில் மிச்சமாவது பொதுவாக நள்ளிரவோடு போய்விடும். மதியமே தீர்ந்துபோகிறவர்கள் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் போட்டோ, வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். பிளே ஸ்டோரில் ஆப் அப்டேட்டை வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். நெட்டே வேண்டாம் என்றால் ஸ்டாப் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து 1925-க்கு அனுப்பினால் டேட்டாவை நிறுத்திவிடலாம்.

டாப்-அப் போட்டு வைத்த பணம் கரைகிறதா? 10 ரூபாய்க்கு 7 ரூபாய் 47 காசுதான் பேலன்ஸ் ஏறும். வரியும் சேவைக் கட்டணமும் போக மிச்சம் அது. அதில் ஏமாற்று இல்லை. ஏறிய பேலன்ஸிலிருந்து காலர் டியூன், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர் என்று பிடித்தால் அதுதான் பிரச்சினை. திரையில் திடீரென்று ஒரு மெசேஜ் வரும், மூடுவதற்கு ஓகே அழுத்துவார்கள், சேவை ஆரம்பித்துவிடும். ஒரு தடவை அழுத்தியது சம்மதம் ஆகாது. இரண்டாவது தடவை தனியாக உறுதி வாங்காமல் ஆரம்பிக்கக் கூடாது என்பதுதான் விதி. 155223-க்கு போன் செய்து உடனே நிறுத்துங்கள். எதற்குப் பிடித்தார்கள் என்ற விவரம் வேண்டுமென்றால் ப்ரீபெய்டு ஆனாலும் கேட்டு வாங்கலாம். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் கேட்கக் கூடாது.

பெட்டிக்குள் கிடக்கும் பழைய சிம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் கம்பெனி நம்பரை நிறுத்திவிடலாம். ப்ரீபெய்டில் பேலன்ஸ் 20 ரூபாயாவது இருந்தால் அதை எடுத்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். நிறுத்திய பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு. அதையும் தாண்டினால் நம்பர் பிறகு வேறொருவருக்குப் போய்விடக்கூடும். பேங்க், கேஸ், ரேஷன், ஆதார் என்று ஒவ்வொரு கவுன்டராக ஏறி இறங்க வேண்டிய அலைச்சலை நினைத்து, அந்த சிம்மில் 20 ரூபாய்க்குக் குறையாமல் பேலன்ஸ் வைத்திருங்கள்.

இனி புகார். இங்கேதான் ஆட்கள் அதிகம் சோர்ந்துபோகிறார்கள். ஷோரூமுக்குப் போனால் கஸ்டமர் கேருக்குப் பேசச் சொல்வார்கள். கஸ்டமர் கேரில் இயந்திரம் பேசும். மனிதர் கிடைத்தால் "சரி பண்ணிடுறோம் சார்" என்று வைத்துவிடுவார். வைக்க விடாதீர்கள். புகார் எண்ணைக் கேளுங்கள். அந்த எண் இல்லாத புகாரை யாரும் புகாராகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எண்ணையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவரும் கம்பெனி நியமித்தவர்தான், அதனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் அந்தப் படியைத் தாண்டாதீர்கள். அடுத்த இடத்தில் "முதலில் அங்கே போனீர்களா" என்றுதான் கேட்பார்கள். பலர் நேராக டிராய்க்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தனிநபர் புகாரை டிராய் விசாரிக்காது. தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர் பிரிவுக்குப் போங்கள், எண் 1063. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெலிகாம் வழக்கு அங்கே செல்லாது என்று கம்பெனிகள் வருடக்கணக்கில் வாதாடி வந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமே இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. ரீசார்ஜ் ரசீது, பணம் பிடித்த மெசேஜின் ஸ்கிரீன்ஷாட், புகார் எண், மேல்முறையீட்டுக்கு வந்த பதில், இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.